மிச்சத்துக்கு டொபி

திங்கட்கிழமை, இரண்டாம் பாடவேளை,
கொட்டாஞ்சேனையில் புதிதாய் ஒரு கடை.
மேசை இரண்டு, முதலாளி ஒருவர்,
வயது எட்டு.

சரக்கெல்லாம் வெறுமை.
காற்றடைத்த பால்மாப் பெட்டி,
எத்தனை தரம் கழுவியும் மீன் மணக்கும் டின்,
குச்சியில்லாத நெருப்புப் பெட்டி.
கெவின்ராஜ் கொண்டுவந்த சவர்க்கார உறைக்குள் மட்டும்
முழுச் சவர்க்காரம்.
(அவன் அம்மா பத்து மணிக்கே வந்துவிட்டார்.)
காசு, நான் ஞாயிறு இரவு
மெழுகுதிரி வெளிச்சத்தில் வெட்டியது.
மின்வெட்டு. அதனால்
ஐந்நூறுகள் கொஞ்சம் கோணல்.

பாடக்குறிப்பில் எழுதியிருந்தேன்:
'மூவிலக்க எண்களைக் கடன் வாங்கிக் கழிப்பர்.'
கடை முகப்பில் ருஷ்தி எழுதி ஒட்டியிருந்தான்:
'இன்று ரொக்கம் நாளை கடன்.'
இரண்டையும் வாசித்துவிட்டு பிரியோனா கேட்டாள்,
"கடன் இல்லாட்டி எப்பிடிக் கழிக்கிறது டீச்சர்?"

கரும்பலகையில் காட்டினேன்.
ஐந்நூறில் முந்நூற்று அறுபத்தைந்து போக.
பூச்சியத்திடம் போய்க் கேட்டால்
அது பக்கத்து வீட்டைக் காட்டும்.
பக்கத்து வீட்டிலும் பூச்சியம்.
இரண்டும் சேர்ந்து போய்
ஐந்தின் கதவைத் தட்டும்.
"எங்கட தோட்டம் மாதிரி"
என்றது பின்வாங்கு.

வரிசையில் நிற்கச் சொல்லவில்லை நான்.
தாமாகவே நின்றார்கள்.
மூத்திரம் பெய்யப் போனவன்
தன் இடத்தில் ஒற்றைச் சப்பாத்தை வைத்துவிட்டு
நொண்டி நொண்டிப் போனான்.
அதை யாரும் தாண்டவில்லை.
"ஆளுக்கு ஒண்ணுதான். பால்மா முடிஞ்சி"
என்றான் முதலாளி,
பால்மாப் பெட்டியில் முழங்கையை ஊன்றியபடி.

யதுஷிகாவின் முறை.
மீன் டின்னும் நெருப்புப் பெட்டியும்.
ஐந்நூறு நீட்டினாள்.
அவன் நூற்று முப்பது எண்ணி வைத்தான்,
பிறகு கடதாசியில் சுற்றிய
ஒரு வெண்கட்டித் துண்டு.
"சில்லறை இல்ல. டொபி."

அவள் நகரவில்லை.
பின்னால் பதினான்கு பேர் முனகினார்கள்.
அலுமாரிக்கு அந்தப் பக்கம் மூன்றாம் ஏ
எட்டாம் வாய்ப்பாட்டில் எண்பதுவரை ஏறி
மறுபடி எட்டுக்கு இறங்கியது.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது.
"அஞ்சு ரூவாக்கு இவ்வளவு கதையா?"
"நான் டொபி கேக்கல்ல."

கடைசியில் வெண்கட்டிப் பெட்டியின் மூடியில்
ஓர் ஐந்து ரூபாக் குற்றி வெட்டிக் கொடுத்தேன்.
வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு
மறுபக்கமும் எழுதச் சொன்னாள்.

மத்தியானம் கொப்பி திருத்தினேன்.
இருபத்தொரு கொப்பியில் நூற்று முப்பத்தைந்து.
ஆறில் இருநூற்று அறுபத்தைந்து;
வாங்கிய கடனை மறந்தவர்கள்.
ருஷ்தியின் கொப்பியில்
'130 ரூபாவும் ஒரு டொபியும்.'
சிவப்புப் பேனை அந்த வரிக்கு மேல் நின்றது.
வாப்பாவின் கடையில் அவன்
கண்ணால் கண்ட கணக்கு அது.
சரியும் போடவில்லை, பிழையும்.
மூடிப் பைக்குள் வைத்தேன்.

மட்டக்குளி பஸ்ஸில் நூறு ரூபாத் தாள் கொடுத்தேன்.
மிச்சம் இறங்கும்போது, என்று
கையாலேயே சொன்னார் கண்டக்டர்.
எத்தனை மிச்சத்தை இப்படி
மிதிபலகையில் விட்டு இறங்கியிருப்பேன்,
கணக்குப் படிப்பிக்கும் நான்.
என் தரிப்பிடம் வந்தது.
"மல்லி, இதுரு சல்லி."
அவர் பையைத் துழாவினார். சாரதி உறுமவிட்டார்.
பின்னால் ஆட்கள் முனகினார்கள்.
சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு
நின்றேன்.

செவ்வாய் காலை, மேசை லாச்சியில் வெண்கட்டி இல்லை.
அந்த டொபியைப் பிரித்து
திகதி எழுதினேன்.